லைனைத் திறந்து வைத்தவளுக்கு

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை இன்றைக்கும் நான்தான் செய்கிறேன். ஆபீசில் இத்தனை பேர் இருந்தும் ஒருத்தர் கண்ணிலும் அது படாது. கரண்ட் போய் எல்லாம் அணைந்த பிறகுதான் "அக்கா, பேட்டரி..." என்று தலையைச் சொறிந்துகொண்டு வருவார்கள். இன்று காலை மூடியைத் திருகியதும் அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், பக்கத்தில் நீ துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாய். "ஊத்துனது போதும்டி, வழியப் போகுது" என்கிறாய். கேனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் உட்காரத்தான் தோன்றுகிறது.

எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பாய். ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் இதையெல்லாம் வேறு யாரிடம் பேச? என் வீட்டில் லைன், சர்வர் என்று ஆரம்பித்தாலே டி.வி. சத்தம் கூடிவிடும். ஆபீஸ் பிள்ளைகளுக்கோ நான் ஒரு பழங்காலத்து ஆள். சண்டை போட்டுப் பேச எனக்கு வாய்த்தவள் நீ ஒருத்திதான்.

ரத வீதியில் எவர்சில்வர் கடைக்கு மேலே இருந்த நம் ஒற்றை அறை ஞாபகம் இருக்கிறதா? நம்மோடு எம்.சி.ஏ. படித்தவர்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிய காலம் அது. நாம் மட்டும் அடம் பிடித்து ஊரிலேயே கடை போட்டோம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு புராஜெக்ட் செய்து கொடுத்தோம். பூட்டுக் கடைக்காரர் ஒருவருக்கு வெப்சைட் போட்டோம். அதை அவரைத் தவிர வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. கீழே குடம் தட்டுகிற சத்தம், மேலே நம் யூ.பி.எஸ். போடுகிற கீச்சுச் சத்தம், அதற்கு நடுவில் நம் வாய்ச்சண்டை. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் உன் தலைக்கு மேல் ஒரு கெடு தொங்கிக்கொண்டிருந்தது. உன் அண்ணன் சென்னையில் உனக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தார். "ஒரு சீசன் பாரு. ஓடலேன்னா மூட்டையக் கட்டிட்டு வந்துரு" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. தொழில் ஓடுகிறதோ இல்லையோ, நீ போய்விடக் கூடாது. என் கவலையெல்லாம் அதுதான். அப்போது இதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது ஒரு கேலி பண்ணியிருப்பாய்.

அந்த நேரத்தில்தான் வெங்காயப் பேட்டையில் கமிஷன் மண்டி வைத்திருந்த உன் தாய்மாமா வந்தார். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து சின்ன வெங்காயம் எடுக்க வருகிற வியாபாரிகள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருந்தார்கள். சந்தை நாள்தோறும் பஸ் ஏறி வர அவர்களுக்கு அலுப்பு. "அங்கனக்குள்ள இருந்தே ஏலத்தப் பாக்குறாப்புல ஏதாச்சும் செய்ய முடியுமா தாயி?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். இது ஓடினால் நீ இங்கேயே இருக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

மாமா மண்டியில் ஏலம் விடுகிற முறையே தனி. குவியலைச் சுற்றி நிற்கிற வியாபாரிகள் ஆளுக்கொரு வெங்காயத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். மாமா விலையை ஏற்றிக்கொண்டே போவார். கட்டுப்படியாகாதவர் வெங்காயத்தைக் குவியலில் போட்டுவிட்டு விலகிக்கொள்வார். யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. பேசாமல் கையில் வைத்திருந்தால் 'நான் இருக்கிறேன்' என்று அர்த்தம். கடைசியில் யார் கையில் வெங்காயம் மிஞ்சுகிறதோ அவருக்குச் சரக்கு. வெளியூர்க்காரருக்காக மண்டிக் கணக்குப்பிள்ளை ஒரு வெங்காயத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மாமா சொல்கிற விலையை அதில் அடித்துக்கொண்டே இருப்பது என்று முடிவாயிற்று. அங்கே அவர் 'விட்டேன்' என்ற பொத்தானை அமுக்கினால் இங்கே கணக்குப்பிள்ளை வெங்காயத்தைப் போட்டுவிடுவார்.

விலை அங்கே போய்ச் சேருவது எப்படி என்பதில்தான் நமக்குள் அடிதடி. வியாபாரியின் கம்ப்யூட்டர் சில விநாடிக்கு ஒருமுறை சர்வரிடம் போய் "விலை மாறியதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்றேன் நான். நீ முகத்தைச் சுளித்தாய்.

"மதுரையில இருந்து வார பஸ்ல ஒரு பிள்ள 'ஊரு வந்துருச்சா, ஊரு வந்துருச்சா'ன்னு நச்சரிச்சுக்கிட்டே வருமே, அது ஒன் முறை. நான் கண்டக்டர்ட்ட 'திண்டுக்கல் வந்தா எழுப்பிவிடுங்கண்ணே'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுத் தூங்கிருவேன்."

"கண்டக்டர் மறந்துட்டார்னா? பழனில போயி முழிச்சு, மொட்டையப் போட்டுட்டு வா."

அன்று முழுக்க இதே பேச்சு. நீ சொன்ன முறையில் லைன் திறந்தே இருக்கும். விலை மாறிய உடனே சர்வர் தானாகச் சொல்லும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம்முடையது வாடகை சர்வர். திறந்திருக்கிற ஒவ்வொரு லைனுக்கும் ஓர் ஆள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நிற்பது போலத்தான். கொஞ்சம் பேர் அப்படி நின்றுவிட்டால் அடுத்தவருக்கு இடமில்லை. நான் அதைச் சொன்னேன். "நமக்கு என்ன ஊரே வரப்போகுதா? நாலு பேரு. ஏலம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும். நீ ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்கா கேட்டுட்டு இருந்தா சரக்கு அடுத்தவன் லாரில ஏறிரும்" என்றாய். அதுவும் நியாயம்தான். 'விட்டேன்' என்ற ஒரு சொல்தான் அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும். அதற்குச் சாதாரணமாக ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போனால் போதும். உன் முறையையே எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் தோற்பது எனக்குப் புதிதல்ல.

முதல் சில சந்தைகள் அமோகமாக நடந்தன. பாலக்காட்டிலிருந்து ஒரு சேட்டன் தன் கடையில் உட்கார்ந்தபடியே சரக்கு எடுத்தார். மாமா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டரைக் காட்டினார். நீ அண்ணனுக்குப் போன் போட்டுப் பெருமை அடித்தாய். எனக்கும் தூக்கம் வந்தது.

பிறகு ஒரு மழை நாள். மழை இங்கே இல்லை, அங்கே. சேட்டன் கடையின் டெலிபோன் லைன் நடு ஏலத்தில் செத்துவிட்டது. ஆனால் அவர் திரையில் கடைசியாக வந்த விலை அப்படியே பளிச்சென்று நின்றது. திண்டுக்கல்லில் கரண்ட் போயிருக்கும், ஏலம் நின்றிருக்கும் என்று நினைத்து அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நம் சர்வரும் லைன் திறந்துதான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தது. இங்கே மாமா விலையை ஏற்றிக்கொண்டே போனார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக வெங்காயத்தைப் போட்டுவிட்டு விலகினார்கள். கணக்குப்பிள்ளை மட்டும் ஆடாமல் அசையாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். 'விட்டேன்' வரவில்லையே, அவர் என்ன செய்வார்? கண்ணால் பார்க்காத விலைக்கு, குவியல் மொத்தமும் சேட்டன் தலையில் விழுந்தது.

லைன் திரும்ப வந்ததும் போனில் பெரிய ரகளை. தான் கண்ணிலேயே பார்க்காத விலைக்குத் தான் எப்படிப் பொறுப்பு என்று சேட்டன் கத்தினார். கடைசியில் மாமா அந்தச் சரக்கைத் தானே எடுத்துக்கொண்டார். மண்டியில் நின்ற வாக்கு நின்றதுதான் என்றார். நம்மைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாக. போதும் தாயி. நான் போனுலயே பாத்துக்கிறேன்" என்றார். அந்த நிதானம்தான் தாங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தோம். நான்தான் கேட்டேன், "அப்ப சென்னையா?" என்று. "செத்த நேரம் சும்மா இரேன்டி" என்றாய். உன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை. நீ போகப்போகிறாய் என்பது தவிர எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

மறுநாள் காலையில் நான் ஆபீசுக்கு வந்தபோது நீ எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாய். தலைகூட வாரவில்லை.

"மண்டில பேசாம நிக்கிற ஆள மாமா கண்ணால பாக்குறாருடி. அவன் மூச்சு விடுறது தெரியுது. அதான் பேசாம இருந்தா இருக்கான்னு அர்த்தம். நம்ம லைன்ல மூச்சு தெரியலையே. சேதி இல்லாததும் லைன் செத்ததும் ஒண்ணு போலத்தான இருக்கு?"

"அதுக்கு?"

"மூச்சு விட வைப்போம்."

விலை மாறினாலும் மாறாவிட்டாலும் சர்வர் சில விநாடிக்கு ஒருமுறை அந்தத் திறந்த லைனில் ஒரு புள்ளியை அனுப்பும். வேறு ஒன்றுமில்லை, 'இருக்கேன்' என்று மட்டும் சொல்கிற புள்ளி. அந்தப் பக்கமும் பதிலுக்கு ஒரு புள்ளி போட வேண்டும். எந்தப் பக்கம் மூச்சு நின்றாலும் எதிர்ப்பக்கத் திரை முழுக்கச் சிவந்துவிடும். ஏலம் நடக்கிற நேரத்துக்கு மட்டும் உன் முறை; மற்ற நேரத்துக்கு என் முறைப்படி எப்போதாவது போய்க் கேட்டுக்கொண்டால் போதும். புரோகிராமிலும் அதற்கு 'மூச்சு' என்றே பெயர் வைத்தாய். இங்கிலீஷில் அதற்கு வேறு பெயர் இருப்பது நமக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மாமா லேசில் மசியவில்லை. நீ கணக்குப்பிள்ளையின் கையில் ஒரு வெங்காயத்தைத் திணித்துவிட்டு, மாமா கண் முன்னால் கம்ப்யூட்டர் பின்னாலிருந்த வயரைப் பிடுங்கினாய். கொஞ்ச நேரத்தில் திரை சிவந்தது. "போடுங்க" என்றாய். கணக்குப்பிள்ளை கையிலிருந்த வெங்காயத்தைப் போட்டார். மாமா குனிந்து திரையைப் பார்த்தார். "இன்னொருக்கா புடுங்கு" என்றார். பிடுங்கினாய். "இன்னொருக்கா." கடைசியில் அவரே வயரைப் பிடுங்கிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "லைன் போனா அவரு நிக்கலேன்னு அர்த்தம். வெங்காயத்தக் கீழ போட்டுரணும். இதான் இனி மண்டிச் சட்டம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அடுத்த சந்தைக்குச் சேட்டனும் திரும்பி வந்தார். சீசன் முடிந்தபோது அண்ணன் சென்னைப் பேச்சை எடுக்கவில்லை. அன்று நாம் பிரியாணிக் கடையில் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே, அப்பப்பா, எழுந்து கை கழுவ முடியவில்லை.

நீ இங்கேயே இருந்தாய். சென்னையிடமிருந்து உன்னை மீட்டுவிட்டேன் என்று நான் நிம்மதியாகக் கிடந்தேன். பிடித்துக்கொண்டு போக வேறு ஒன்று வரும் என்று யார் கண்டது?

முதலில் களைப்பு என்றாய். பிறகு கையில், காலில் நீலம் நீலமாகத் தடம். மதுரையில் சோதித்துவிட்டு ரத்தப் புற்று என்றார்கள். நீயும் உன் அம்மாவும் மதுரையிலேயே தங்கினீர்கள். நான் ஆபீசையும் பார்த்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். சாப்டியா, தூங்குனியா, காய்ச்சல் இருக்கா, டாக்டர் வந்தாரா. ஒருநாள் கத்தினாய். "பத்து செகண்டுக்கு ஒருக்கா வந்து கேக்காதடி, கெறக்கமா வருது. இன்னும் திருந்தலையா நீ?" என்றாய். பிறகு உனக்கே பாவமாகிவிட்டது. "தெனம் காலைல ஒரு மிஸ்டு கால் விடுறேன். அதான் மூச்சு. எடுத்துத் தொலச்சிராத" என்றாய்.

அதன் பிறகு என் காலை எல்லாம் அந்த ஒற்றை மணிக்காகத்தான் விடிந்தது. அடித்து நிற்கும். பெயர் தெரியும். அப்பாடா என்று பல் தேய்க்கப் போவேன். உன்னைப் பார்க்க வந்தபோது தலையில் துண்டு கட்டியிருந்தாய். "பழனிக்குப் போகாமலே மொட்டை போட்டாச்சு பாரு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் கொடைரோடு வருகிறவரைக்கும் அழுதேன்.

ஒருநாள் மணி அடிக்கவே இல்லை. கைக்குக் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு மதுரைக்கு ஓடி வந்தேன். நீ கட்டிலில் சம்மணம் போட்டு இட்லி தின்றுகொண்டிருந்தாய். போனில் சார்ஜ் இல்லையாம். அடிப்பாவி என்று உன்னை அடிக்கவே கை ஓங்கினேன். "மூச்சு வரலேன்னா லைன் போச்சுன்னுதான அர்த்தம். ஆளு போயிட்டான்னு எவ சொன்னா? நம்ம எழுதுன புரோகிராம் நமக்கே மறந்துருச்சு பாரு" என்று சட்னியைத் தொட்டுக்கொண்டாய். உன் பங்கில் பாதி இட்லியை நான்தான் தின்றேன்.

நீ போன அன்று மணி அடித்தது. வழக்கம்போல ஒரே மணி. நானும் வழக்கம்போல அப்பாடா என்றேன். பல் தேய்த்தேன், சாப்பிட்டேன், மண்டிக்குப் போய் கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டரைத் தூசி தட்டிக் கொடுத்தேன். உன்னைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த சந்தைக்குள் வந்துவிடுவாள் என்று அவரிடம் சொன்னேன். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு உன் அண்ணன் கூப்பிட்டார். எனக்குப் போன் போட்டு வைத்த கொஞ்ச நேரத்திலேயே உனக்கு மூச்சுத் திணறியதாகச் சொன்னார். அவர்கள் இருந்த நிலையில் எனக்குச் சொல்ல நேரமாகிவிட்டது. "காலைலதான அண்ணே மூச்சு வந்துச்சு" என்று அவரோடு நான் வாதாடினேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

வருஷம் எத்தனையோ ஓடிவிட்டது. இப்போது எல்லாமே உடனுக்குடன்தான். போனைப் பையில் வைத்தால் பை நடுங்குகிறது, மேசையில் வைத்தால் மேசை நடுங்குகிறது. எவனோ டீ குடித்ததெல்லாம் எனக்குச் சேதியாக வருகிறது. எனக்கு அலுத்துப்போய்விட்டது, உண்மையாகவே அலுத்துப்போய்விட்டது.

போன வாரம் ஓர் ஆஸ்பத்திரி வேலை வந்தது. ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருக்கிற சொந்தக்காரர்களுக்கு, உள்ளே என்ன நிலை என்று போனில் காட்டுகிற பக்கம். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். இரண்டு பக்கமும் பேசுகிற லைன் வேண்டும் என்று ஒருத்தன். சர்வர் மட்டும் பேசினால் போதும் என்று ஒருத்தி. எனக்கு உன் குரலும் என் குரலும் கேட்டன. காத்திருப்பவர்களுக்குச் சேதியைக் காதில் வாங்குவதுதானே வேலை, சர்வர் மட்டும் பேசட்டும், கூடவே மூச்சும் விடட்டும் என்றேன். அப்புறம் ஒன்று கேட்டேன், "எம்புட்டுப் பழைய சேதியா இருந்தா அவுகளால தாங்க முடியும்?"

"பழசே கெடையாதுக்கா. ரியல் டைம்ல போகும்" என்றான் அவன்.

அப்படி ஒன்று இல்லை என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? எந்த முறையில் அனுப்பினாலும் வந்து சேருகிற சேதி கொஞ்சமாவது பழசுதான். நிலைக்குக் கீழே அது எந்த நேரத்துச் சேதி என்று ஒரு வரி போடச் சொன்னேன். நான் செய்து கொடுக்கிற எல்லாப் பக்கத்திலும் அந்த வரி இருக்கும். அது எதற்கு என்று பிள்ளைகள் கேட்பதில்லை. அக்காவின் கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள்.

கிறுக்குதான். அந்தக் கடைசி மணிக்கும் அண்ணனின் போனுக்கும் நடுவில் இருந்த பொழுதை நினைத்து ரொம்ப நாள் குமைந்திருக்கிறேன். சேதி உடனே வந்திருக்கக் கூடாதா என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. உன்னைப் போகவிடாமல் பிடித்து வைக்க நான் பட்ட பாட்டில் கடைசியாகக் கைக்குக் கிடைத்தது அந்தப் பொழுதுதான். அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். மற்ற எல்லோருக்கும் நீ காலையிலேயே போய்விட்டாய். எனக்கு மட்டும் மத்தியானம் வரைக்கும் இருந்தாய்.